நான்கு கிராம் கணக்கு: காலடிப்பேட்டையில் ஒரு பேலன்சிங் பட்டறை

ப்ளோயர், எக்ஸாஸ்ட் ஃபேன், பம்பு இம்பெல்லர் (உள்ளே சுற்றும் பிளேடுச் சக்கரம்) இதெல்லாம் வட சென்னையில் பேலன்சிங்குக்கு, அதாவது சுற்றும்போது அதிராதபடி எடையைச் சமன் செய்வதற்கு, எங்கே கொடுப்பது என்று தொழிலுக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள். நான் செங்குன்றம் அரிசி ஆலைகளுக்கு ஃபேன் பராமரிப்பு வேலை எடுத்துச் செய்கிறவன். வீடு தண்டையார்பேட்டை. என்னிடம் வரும் பேலன்சிங் வேலையில் முக்கால்வாசி காலடிப்பேட்டைப் பட்டறைக்குத்தான் போகிறது. ஏன் என்பதை ஒரே தடவையில் எழுதிவிடுகிறேன்.

காலடிப்பேட்டை மெட்ரோவுக்கும் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலைக்கும் நடுவே உள்ள சந்து ஒன்றில் இருக்கிறது. பெயர்ப்பலகை 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு போனது, திரும்ப மாட்டவில்லை. அதனால் பெயரைச் சொல்லித் தேடாதீர்கள். 'பேலன்சிங் பாய்' என்று கேட்டால் இளநீர்க் கடைக்காரர்கூட வழி காட்டுவார். சரக்கு வண்டியில் வருகிறவர்கள் காலை ஒன்பதுக்குள் வந்துவிடுங்கள். அதற்கு மேல் ஹார்பருக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டிவிட்டால் சந்துக்குள் திரும்பவே முடியாது.

2025 ஜூலையில் நான் கொண்டுபோனது ஓர் ஆலையின் பாய்லர் ஐ.டி. ஃபேன் (பாய்லர் புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் ஃபேன்) இம்பெல்லர். உமி எரிக்கிற பாய்லர். உமிச் சாம்பல் மணல் காகிதம் மாதிரி பிளேடைத் தின்றுகொண்டே இருக்கும், ஆனால் எல்லாப் பிளேடையும் ஒரே அளவில் தின்னாது. விளைவு, ஃபேன் ஓடும்போது காங்கிரீட் மேடையே நடுங்கும், மூன்று மாதத்துக்கு ஒரு பேரிங் போகும். இதே இம்பெல்லரை முன்பு வேறொரு இடத்தில் ஒரு பக்கம் மட்டும் பார்த்து அனுப்பிவிட்டார்கள். அகலமான இம்பெல்லருக்கு இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும் என்பது இந்த வேலையின் அரிச்சுவடி.

பாய் அதை ஷாஃப்டோடு இரண்டு ரோலர் மேல் உட்கார வைத்தார். கீ-வேயில் (ஷாஃப்டில் பூட்டுத் துண்டு உட்காரும் பள்ளம்) பாதி கீ மட்டும் சொருகினார். பெல்ட்டைப் போட்டு மெதுவாகச் சுற்றவிட்டால், எந்தப் பக்கம், எந்தக் கோணத்தில், எத்தனை கிராம் குறைகிறது என்று திரையில் வந்துவிடும். இடது பக்கம் 68 கிராம், வலது பக்கம் 41. கேட்க அற்பமாக இருக்கும். 1440 ஆர்.பி.எம்.மில், 300 மில்லிமீட்டர் ஆரத்தில், 68 கிராம் என்பது ஒவ்வொரு சுற்றுக்கும் 47 கிலோ உதை. பேரிங் போகாமல் என்ன செய்யும்?

அதன் பிறகு அவர் செய்ததுதான் பார்க்க வேண்டியது. திரை சொன்ன இடத்தில் உடனே வெல்டிங் வைக்கவில்லை. ஒரு பிடி களிமண்ணை எடுத்து, தராசில் நிறுத்து, பிளேடின் முதுகில் கட்டை விரலால் அப்பினார். சுற்றிப் பார்த்தார். கொஞ்சம் கிள்ளி எடுத்தார். மறுபடி சுற்றினார். நிறைவு வந்ததும் அந்தக் களிமண்ணின் எடைக்கு இரும்புத் துண்டு வெட்டி, அதிலிருந்து வெல்டிங் ராடு சேர்க்கப்போகும் எடையையும் கழித்துவிட்டுப் பற்ற வைத்தார். 60 கிலோ இம்பெல்லருக்கு, ஃபேன்களுக்கான ஜி 6.3 என்ற பேலன்ஸ் தரத்தில், பக்கத்துக்கு ஏறக்குறைய 4 கிராம் வரை மிச்சம் இருக்கலாம். இவர் கொடுத்தது ஒரு பக்கம் 3, மறுபக்கம் 2. காலையில் கொடுத்து மாலையில் எடுத்துக்கொண்டேன். 3,500 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. ஆலையில் மாட்டி ஓட்டியபோது மேடை மேல் வைத்த டீ டம்ளரில் அலை இல்லை.

குறைகளும் உண்டு. சர்டிபிகேட்டில் இம்பெல்லர் நம்பரைத் தப்பாக அடித்திருந்தார்கள், திருத்தி வாங்க அரை மணி நேரம். வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டரை வரை பட்டறை மூடியிருக்கும். உட்காருவதற்கு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் ஒன்றுக்குக் கால் வளைந்திருக்கிறது. பேலன்சிங் கடையில் ஆடுகிற நாற்காலி. சொன்னால் பாய் சிரிக்கிறார், மாற்றுவதில்லை.

இனி காத்திருக்கும் நேரம். இந்தக் கடையில் அப்போது நடக்கும் உலகப் பேச்சும் சேவையில் ஒரு பகுதி, பிடிக்காதவர்கள் பொருளைப் போட்டுவிட்டுப் போய்விடுவது நல்லது.

நான் போனபோது ஈரானில் குண்டு விழுந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. ஜூன் 13ஆம் தேதி இஸ்ரேல் தொடங்கியது, 22ஆம் தேதி அமெரிக்காவின் ஏழு பி-2 விமானங்கள் வந்து பதினான்கு பெரிய குண்டுகளைப் போட்டன. ஒவ்வொன்றும் 13 டன்னுக்கு மேல். யுரேனியம் செறிவூட்டும் நிலையங்கள்தான் குறி: பன்னிரண்டு ஃபோர்டோ மலைமேல், இரண்டு நதான்ஸில். பாய் இந்தச் செய்தியை மதத்துக்காகவோ அரசியலுக்காகவோ பின்தொடரவில்லை. அவருக்கு அங்கே யுரேனியத்தைச் சுற்றும் சென்ட்ரிஃப்யூஜ் மிஷின்மேல்தான் கண்.

"சார், உங்களுது 1440ல சுத்துது. அங்க எவ்ளோ தெரியுமா? அறுபத்து மூணாயிரம்!"

சரியான கணக்குதான். நதான்ஸ் எந்திரங்களைக் கெடுக்க விடப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற கணினி வைரஸ் 2010இல் வெளியே தெரிந்தது. அதைப் பிரித்துப் பார்த்தவர்கள், 1,064 ஹெர்ட்ஸில் சுற்ற வேண்டிய சென்ட்ரிஃப்யூஜை அது 1,410க்கு ஏற்றியதையும், இன்னொரு முறை 2 ஹெர்ட்ஸுக்கு இறக்கியதையும் கண்டுபிடித்தார்கள். 1,064 ஹெர்ட்ஸ் என்றால் நிமிடத்துக்கு 63,840 சுற்று. ஆள் உயரத்துக்கு, சாண் அகலம்கூட இல்லாத குழாய். உள்ளே யுரேனிய வாயு. வேகமாகச் சுற்றும்போது கனமான அணுக்கள் சுவர்ப் பக்கம் ஒதுங்கும், லேசானவை நடுவில் நிற்கும். அந்த லேசான யுரேனியம்-235 இயற்கையில் 0.7 சதவீதம்தான். மின்நிலையத்துக்கு 3 முதல் 5 சதவீதம் போதும். குண்டுக்கு ஏறத்தாழ 90. ஆயிரக்கணக்கான குழாய்களை வரிசையாகக் கோத்து அந்தச் சதவீதத்தை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். இதுதான் செறிவூட்டல்.

பாயின் ரசீதுக்குப் பின்னால் நான் கணக்குப் போட்டேன். அந்தக் குழாயில் ஓரத்தில் ஒரு கிராம் கூடினால் 200 கிலோவுக்கு மேல் உதை. ஈரான் அணுசக்தி அமைப்பின் தலைவராக இருந்த அகாசாதே ஒரு முறை சொன்னார்: ஆரம்பத்தில் கையுறை போடாமல் ரோட்டரைப் பூட்டியதில் கையிலிருந்த கிருமிகள் ஒட்டிக்கொண்டு, அந்த எடையிலேயே எந்திரங்கள் வெடித்துச் சிதறினவாம். இதைச் சொன்னதும் பாய் தன் கையை ஒரு முறை திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

வளைந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் ராயபுரத்துக்காரர். கப்பலில் செகண்ட் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்று, காசிமேட்டில் ஓர் ஐஸ் ஃபேக்டரிக்குப் பம்பு வேலை பார்க்கிறார். ஈரானை ஒட்டிய ஹோர்முஸ் நீரிணையை எத்தனையோ தடவை கடந்தவர். பாய் அவரை "கேப்டன்" என்பார். இன்ஜின் ரூம் ஆளைக் கேப்டன் என்றால் பிடிக்காது, ஆனாலும் அதுதான் அவர் பெயர்.

"அடிச்சா அடங்கும் சார்," என்றார் கேப்டன். "1981ல இஸ்ரேல்காரன் இராக்கை அடிச்சான். 2007ல சிரியாவை அடிச்சான். ரெண்டு பேர்கிட்டயாவது இன்னிக்கு பாம் கீதா?"

இல்லைதான். அதனால்தான் இந்த வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் இரண்டையும் ஒரே கணக்கில் எழுதக்கூடாது.

1981 ஜூன் 7ஆம் தேதி எட்டு எஃப்-16 விமானங்கள் பாக்தாத் பக்கத்து ஒசிராக் அணு உலையைச் சில நிமிடங்களில் உடைத்தன. ஃபிரான்ஸ் விற்ற உலை. அதற்கு முன்பு சதாம் உசேனிடம் சிறையிலும் வீட்டுக்காவலிலும் இருந்த ஜாஃபர் தியா ஜாஃபர் என்ற இயற்பியலாளர், குண்டு விழுந்த சில மாதத்தில் வெளியே வந்து ரகசியத் திட்டத்துக்கே தலைமை ஏற்றார். வெளியிலிருந்து வாங்கிய உலை போனது, வெளியே தெரியாமல் உள்ளூரிலேயே யுரேனியம் செறிவூட்டும் வேலை பெரிய அளவில் தொடங்கியது. பத்து வருடம் கழித்து 1991 வளைகுடாப் போரில் வாரக்கணக்கில் குண்டு போட்டார்களே, அப்போதும் அதன் பெரும்பகுதி விமானிகளின் பட்டியலிலேயே இல்லை. ஆயுத வடிவமைப்பு நடந்த அல் அதீர் வளாகம் பெரிதாகச் சேதமாகாமல் நின்றது. அதை 1992இல் தகர்த்தது ஐ.நா. ஆய்வாளர்களின் மேற்பார்வையில். 1991 செப்டம்பரில் அந்த ஆய்வாளர்களில் ஒரு குழு, கைப்பற்றிய ஆவணங்களை விட்டுக் கொடுக்காமல் பாக்தாத்தில் ஒரு கார் நிறுத்துமிடத்தில் நான்கு நாள் கிடந்தது. இராக்கின் திட்டம் செத்தது அந்த மாதிரிக் காகித வேலையில். போரில் தோற்ற நாடு என்பதால்தான் ஆய்வாளர்களை உள்ளே விட்டது, அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கேப்டன் பக்கம் அந்த அளவுக்கு நியாயம் உண்டு.

சிரியா வேறு கதை. 2007 செப்டம்பர் 6ஆம் தேதி தேர் எஸ்ஸோர் பக்கம் ஒரு கட்டடம் போனது. வட கொரிய உதவியோடு கட்டிய உலை என்று அமெரிக்கா சொன்னது. அது உலையாக இருக்கவே அதிக வாய்ப்பு என்று சர்வதேச அணுசக்தி முகமை 2011இல் எழுதியது. சிரியா திரும்பக் கட்டவில்லை. லிபியாவும் அந்த ஜாதிதான். பாகிஸ்தான் விஞ்ஞானி ஏ.க்யூ. கானின் கள்ளச்சந்தை வலைப்பின்னலிடம் காசு கொடுத்து வாங்கிய சாமான்களில் பலதைப் பெட்டியே பிரிக்காமல் வைத்திருந்தது, 2003 டிசம்பரில் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்து, பிறகு ஒப்படைத்துவிட்டது. செய்து தருகிறவன் வெளியாள் என்றால் ஓர் அடியில், சில சமயம் மிரட்டலிலேயே, காரியம் நின்றுவிடுகிறது. சொந்தக் கையில் செய்யத் தெரிந்துவிட்டால் நிற்பதில்லை, தள்ளிப்போகிறது. என் அபிப்பிராயம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் எவ்வளவு தள்ளிப்போகும், அந்த நேரத்தில் யார் என்ன செய்கிறார்கள் என்ற கேள்வி.

பாய் இதற்குத் தன் கடையையே சாட்சி வைத்தார். மிக்ஜாமில் இந்தச் சந்தில் இடுப்பளவு தண்ணீர், அதில் எண்ணெய்ப் படலம் வேறு. பேலன்சிங் மிஷினின் பேனல் போர்டு, கம்ப்யூட்டர், இருபது வருடக் கணக்கு நோட்டு எல்லாம் போனது. பொங்கலுக்குள் கோயம்புத்தூரிலிருந்து பழைய மிஷின் ஒன்றை வாங்கி வந்து உட்கார்ந்துவிட்டார். "மிஷின் கடன்ல வரும் சார். அந்தக் களிமண்ணை எங்க அப்பணும்னு யாரும் கடன் குடுக்க மாட்டான்."

நல்ல பேச்சு. இருந்தாலும் முழுக்கப் பொருந்தாது என்று அவரிடமே சொன்னேன். வெள்ளம், பாய் மறுபடி கடை திறந்துவிட்டாரா என்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்ப்பதில்லை. விமானம் பார்க்கும், திரும்ப வரும்.

"ஆளையே தூக்கிட்டா?" என்றார் கேப்டன். அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். 2020 நவம்பரில் ஈரானின் மூத்த அணு விஞ்ஞானி ஃபக்ரிசாதே கொல்லப்பட்டார். 2025 ஜூனில் பத்துக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள், சிலர் வீட்டிலேயே. அவர்களின் குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தவரும்கூடச் செத்தார்கள், அதை வெறும் தொழில்நுட்பக் கேள்வியாகப் பேச எனக்கு வாய் வரவில்லை. ஆனால் கேள்விக்குப் பதில் உண்டு. ஈரானின் முதல் தலைமுறை சென்ட்ரிஃப்யூஜ் பாகிஸ்தானிலிருந்து வந்த வடிவம். பாகிஸ்தானுக்கு அது ஹாலந்திலிருந்து வந்தது. 1970களில் அங்கே வேலை பார்த்த ஏ.க்யூ. கான் என்ற ஒரே ஆள் எடுத்துவந்த வரைபடங்கள். ஒருவர் எடுத்துவந்தது அவ்வளவு தூரம் பரவியதென்றால், முப்பது வருடமாக ஆயிரக்கணக்கானவர்கள் கற்ற வித்தையை எந்தப் பட்டியல் போட்டு முடிப்பது? பாயிடம் வேலை கற்கும் தம்பி இன்றைக்குச் சத்தத்தை வைத்தே எந்தப் பக்கம் கனம் என்று சொல்கிறான்.

அடியால் வரும் இன்னொரு விளைவு, பொருள் ஆழத்துக்குப் போய்விடுவது. ஃபோர்டோவை மலைக்குள் எண்பது, தொண்ணூறு மீட்டர் ஆழத்தில் தோண்டியதே குண்டுக்குப் பயந்துதான். 2021 ஏப்ரலில் நதான்ஸில் நாசவேலை நடந்து மின்சாரம் போனது, அந்த வாரமே ஈரான் 60 சதவீதச் செறிவூட்டலைத் தொடங்கியது. அதற்கு முன் அவ்வளவு உயரம் போனதில்லை. அமெரிக்கா உள்ளிட்ட வல்லரசுகளோடு ஈரான் போட்ட 2015 ஒப்பந்தம் நடைமுறையில் இருந்தபோது உச்சவரம்பு 3.67 சதவீதம், இருப்பு 300 கிலோ, ஃபோர்டோவில் செறிவூட்டலே கிடையாது, ஆய்வாளர்கள் உள்ளே. 2018 மே மாதம் அமெரிக்கா அதிலிருந்து விலகியது. இந்தக் குண்டுவீச்சுக்கு முன்னால் ஈரானிடம் 60 சதவீத யுரேனியம் மட்டும் 400 கிலோவுக்கு மேல். எடைக் கணக்கில் பார்த்தால் சிலிண்டரோடு சேர்த்து இரண்டு மூன்று குட்டியானை வண்டியில் ஏறிவிடும். குண்டு விழுந்த பிறகு அது எங்கே இருந்தது? அப்போது முகமையால் சரிபார்க்க முடியவில்லை, ஏனென்றால் ஜூலை தொடக்கத்தில் ஈரான் ஒத்துழைப்பை நிறுத்திவைத்து, ஆய்வாளர்களும் கிளம்பிவிட்டார்கள். எவ்வளவு நேரம் கிடைத்தது என்பதிலும் ஆளுக்கொரு கணக்கு. ஒன்று முதல் இரண்டு வருடம் பின்தள்ளிவிட்டோம் என்றது பென்டகன். சில மாதங்களில் மறுபடி சுற்ற ஆரம்பிக்கலாம் என்றார் அப்போது முகமைத் தலைவராக இருந்த குரோசி.

களிமண் அப்பிய பிறகு மறுபடி சுற்றிப் பார்க்காமல் பாய் வெல்டிங் வைக்கமாட்டார் என்று மேலே எழுதினேன். அடித்துவிட்டு அளக்க வழியில்லாமல் நின்றதுதான் என்னை உறுத்துகிறது.

கேப்டன் விடவில்லை. "அப்போ வட கொரியா? பேசினே இருந்தாங்க. என்னாச்சு?"

இது கனமான கேள்வி. 1994இல் வட கொரியாவின் அணு நிலையமான யோங்பியோனை அடிக்க அமெரிக்கா திட்டம் போட்டது. சியோல் நகரம் வடக்கின் பீரங்கிக்கு எட்டும் தூரத்தில் இருந்ததால் தயங்கியது. அந்த ஜூனில் ஜிம்மி கார்ட்டர் போய்ப் பேசினார், அக்டோபரில் ஒப்பந்தம். குண்டுக்கான இன்னொரு பொருளான புளூட்டோனியத்தின் வேலை எட்டு வருடம் உறைந்து கிடந்தது, நிஜம். மறைவில் செறிவூட்டலைத் தேடிக்கொண்டிருந்ததும் நிஜம். 2002இல் ஒப்பந்தம் உடைந்தது, 2006 அக்டோபர் 9ஆம் தேதி சோதனை வெடி. பேச்சும் நேரம்தான் வாங்கிக் கொடுத்தது. ஒரே வித்தியாசம், அந்த எட்டு வருடமும் யோங்பியோனுக்குள் உட்கார்ந்து பார்க்க ஆள் இருந்தார்கள், ஒரு நகரமும் எரியவில்லை. இதைக் கேட்டுக் கேப்டன் தலையாட்டினார், ஒப்புக்கொண்டதாக நான் நினைக்கவில்லை.

இந்த இடத்தில் நம்ம கல்பாக்கம் ஞாபகம் வந்தது. 1988 டிசம்பர் 31ஆம் தேதி இந்தியாவும் பாகிஸ்தானும் ஒருவர் அணு நிலையத்தை ஒருவர் தாக்குவதில்லை என்று கையெழுத்துப் போட்டன. 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1ஆம் தேதியும் இரண்டு நாடுகளும் தங்கள் நிலையங்களின் பட்டியலைக் கைமாற்றிக்கொள்கின்றன. கார்கில் சண்டைக்குப் பிறகும் அது நிற்கவில்லை. அடித்து நிறுத்தியிருக்கலாமே என்று இங்கே பேசுகிறவர்கள், நாமும் 1974இலும் 1998இலும் வெடித்துக் காட்டிய நாடு என்பதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். அப்போது நம்மை யாராவது அடித்திருந்தால் அடங்கியிருப்போமா என்று கேட்டேன். பாய் பதில் சொல்லவில்லை, கிரைண்டரைப் போட்டுவிட்டார். அந்தச் சத்தத்தில் எந்த விவாதமும் நடக்காது.

சரி, கடைக்கு வருகிறேன். கொடுக்கப்போகிறவர்களுக்கு மூன்று விஷயம். இம்பெல்லரைக் கழுவிச் சுரண்டிச் சுத்தமாகக் கொண்டுபோங்கள், ஒட்டியிருக்கும் சாம்பலோடு பேலன்ஸ் செய்தால் அது உதிர்ந்த அன்றே கணக்கு போச்சு. ஷாஃப்ட் இருந்தால் ஷாஃப்டோடு கொடுங்கள். ஓடும் வேகத்தையும் எடையையும் எழுதிக் கொடுங்கள், 2,900இல் ஓடுகிற பம்புக்கும் 1,440 ஃபேனுக்கும் மிச்சம் விடும் கிராம் வேறு வேறு. அறுபதாயிரத்தில் சுற்றுகிற பொருளை இங்கே கொண்டுவராதீர்கள் என்று பாய் தானே எழுதச் சொன்னார்.

ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் கொடுப்பேன். அரை நட்சத்திரம் அந்த நாற்காலிக்கும் தப்பாக அடித்த சர்டிபிகேட்டுக்கும் போனது. நாலுக்கு மேலே போனதற்குக் காரணம் கேப்டனின் பம்பு இம்பெல்லர். உப்புத் தண்ணீரில் ஓடி ஒரு பக்கம் தேன்கூடு போல அரித்திருந்தது. பாய் அதை மிஷினில் ஏற்றவே இல்லை. சுத்தியலால் இரண்டு தட்டு தட்டிச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "இதுல வெயிட் வச்சா ரெண்டு மாசம் ஓடும் கேப்டன், அப்புறம் ஒடைஞ்சு கேசிங்கையும் சேர்த்து எடுத்துக்கும். புதுசா வார்த்துக்குங்க," என்று சொல்லி ஒரு பைசா வாங்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். வார்ப்புக்கு மணலி பக்கம் ஓர் ஆளின் நம்பரையும் எழுதித் தந்தார்.